எண்ணும் ஊரும் – 17: பாதியில் நின்ற ஆட்டம்

1910ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கும்பகோணத்தில் ரயிலேறிய இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர், விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, காட்பாடி போகும் கிளைப் பாதையில் வண்டி மாறினார். அவர் போய்ச் சேரவேண்டிய ஊர் திருக்கோவிலூர். அன்று தென்னாற்காடு ஜில்லா, பிறகு விழுப்புரம் மாவட்டம், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். இளைஞர் ராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. தகுதிச் சான்றாகக் கொண்டுபோனது தம் கணக்கு நோட்டுகள். நோட்டுகளைப் புரட்டிய ஐயருக்கு, இப்படிப்பட்டவரை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து அந்த அறிவை நசுக்க மனம் வரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிவைத்தார். மற்றது உலகம் அறிந்த வரலாறு.

இந்தக் கதையை எல்லோரும் ராமானுஜனுக்காகச் சொல்வார்கள். நான் இந்த வாரம் ராமசாமி ஐயருக்காகச் சொல்கிறேன். மாணவராக இருந்தபோதே அவர் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கணிதக் குறிப்புகள் அனுப்பினார். எழுதுகிறவர் பேராசிரியர்தான் என்று ஆசிரியர் எண்ணிக்கொண்டு அப்படியே விளித்துப் பதில் போட, 'புரொபசர்' என்ற பெயர் நண்பர்களிடையே நிலைத்துவிட்டது. உத்தியோகம் என்னவோ கடைசிவரை ரெவின்யூதான். 1906 கிறிஸ்துமஸ் அன்று அவர் தம்மைப்போல் ஆங்காங்கே தனித்துக் கிடந்த கணக்குப் பிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிநாட்டுக் கணித இதழ்கள் ஒருவர் சம்பளத்தில் வாங்க முடியாத விலை. எல்லோரும் சந்தா போட்டு வாங்குவோம், ஒருவர் படித்துவிட்டு அடுத்தவருக்குத் தபாலில் அனுப்புவோம் என்பது யோசனை. 1907 ஏப்ரலில் அது சங்கமாயிற்று. இன்றைய இந்தியக் கணிதக் கழகத்தின் தொடக்கம் அதுதான்.

அந்தக் கழகத்தின் இதழில் கேள்விப் பகுதி ஒன்று உண்டு. ஒரு ஊர்க்காரர் கணக்குப் போடுவார். இன்னொரு ஊர்க்காரர் விடை அனுப்புவார். மூன்றாமவர் அதைவிட நல்ல வழி காட்டுவார். ராமானுஜன் 1911இல் அங்கே வைத்த கேள்விகளில் ஒன்று, ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று முடிவில்லாமல் போகும் அடுக்கின் மதிப்பைக் கேட்டது. ஆறு மாதம் ஆகியும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3. விடை தெரிந்த கணக்கைத்தான் அவர் பிறர் முன் வைத்தார். கணக்கைச் சேர்ந்து செய்வதில் அந்தக் கூட்டத்துக்கு அவ்வளவு நம்பிக்கை.

இந்த நம்பிக்கை எந்தக் கணக்குக்கும் நல்லது. நிகழ்தகவுக்கோ, என் அனுபவத்தில், அது இல்லாமல் ஆகாது. வடிவியலில் தவறினால் படம் காட்டிக்கொடுக்கும். இயற்கணிதத்தில் தவறினால் விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கலாம். வாய்ப்பைப் பற்றிய கணக்கில் தப்பான விடையும் சரியான விடையைப் போலவே மனசுக்கு வழுவழுப்பாக இறங்கும். நாம் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டோம் என்பதிலேயே பிழை ஒளிந்திருக்கும். நம் காது நம்மிடம் பொய் சொல்லும்போது அதைக் கண்டுபிடிக்க இன்னொருவர் காது வேண்டும்.

நிகழ்தகவு என்ற துறையே இரண்டு பேரின் கடிதங்களில்தான் உருவாயிற்று. அந்தக் கடிதங்களில் வந்த கணக்கை நான் விழுப்புரம் – திண்டிவனம் பாதைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ரயிலில் நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று பாசஞ்சர் நின்று நின்று போகும். இரண்டு பையன்கள் விழுப்புரத்தில் ஏறி, ஆளுக்கு 32 ரூபாய் வைத்துப் பூவா தலையா ஆடுகிறார்கள். தலை விழுந்தால் ஒருவனுக்கு ஒரு வெற்றி, பூ விழுந்தால் மற்றவனுக்கு. முதலில் மூன்று வெற்றி பெறுகிறவனுக்கு 64 ரூபாயும். தலைக்காரன் 2, பூக்காரன் 1 என்று இருக்கும்போது திண்டிவனம் வந்துவிடுகிறது, இறங்கியாக வேண்டும். பணத்தை எப்படிப் பிரிப்பது?

இந்தக் கணக்கை அதே பாசஞ்சரில், விழுப்புரத்திலிருந்து தினமும் திண்டிவனம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போகும் இரு ஆசிரியர்களிடம் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கணக்கு ஆசிரியர். இன்னொருவர் அறிவியல் டீச்சர்.

"இதுல என்ன டீச்சர் இருக்கு? ரெண்டு ஜெயிச்சவனுக்கு ரெண்டு பங்கு, ஒண்ணு ஜெயிச்சவனுக்கு ஒரு பங்கு. நாப்பத்திரெண்டு ரூபா அறுபத்தாறு காசு, மிச்சம் மத்தவனுக்கு."

"அப்ப ஒரே ஒரு தடவை போட்டதும் ரயில் நின்னுட்டா? ஒண்ணுக்குப் பூஜ்யம். மொத்தப் பணமும் ஒரு தடவை ஜெயிச்சவனுக்கா சார்?"

அவர் வாயடைத்துப்போனார். எனக்கோ உடம்பு சிலிர்த்தது. 1494இல் லூக்கா பச்சோலி என்ற இத்தாலியர் தம் புத்தகத்தில் முன்வைத்த விடை சார் சொன்னதேதான். அதை மறுத்து 1556இல் டார்டாக்லியா எழுப்பிய ஆட்சேபம் டீச்சர் சொன்னதேதான். இருவரையும் இந்த இருவரும் கேள்விப்பட்டது கிடையாது.

விக்கிரவாண்டி தாண்டும்போது சார் வேறு வழிக்கு வந்திருந்தார். "நடந்ததை விடுவோம் டீச்சர். இனிமே நடக்கப்போறதை எண்ணுவோம். தலை விழுந்தா ஆட்டம் முடிஞ்சது. பூ விழுந்தா இன்னொரு தடவை போடணும். அதுல தலை வரலாம், பூ வரலாம். ஆக, தலை, பூ-தலை, பூ-பூ. மூணு வகை. ரெண்டுல தலைக்காரன் ஜெயிக்கிறான். மூணுல ரெண்டு. பாத்தீங்களா, நான் முதல்ல சொன்ன நாப்பத்திரெண்டு ரூபாயே வந்துடுச்சு!"

இங்கேதான் இந்தக் கணக்கின் விஷம் இருக்கிறது. இரண்டு வழியில் போட்டு ஒரே விடை வந்தால் சரிபார்த்தாயிற்று என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இரண்டு வழியும் தப்பாக இருந்து, தற்செயலாக ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால்? தனியாக உட்கார்ந்திருந்தால் சார் அந்த இடத்தில் பேனாவை மூடிவைத்திருப்பார். அவரைவிடப் பெரியவர்கள் மூடிவைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1754இல் 'பூவா தலையா' பற்றிய கட்டுரையை எழுதியவர் தலாம்பேர். அந்தக் காலத்துக் கணித மேதைகளில் ஒருவர். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ என்ன வாய்ப்பு? அவர் எண்ணியதும் இதே மூன்று வகைகளைத்தான். மூன்றில் இரண்டு என்று வாதாடினார். சரியான விடை நான்கில் மூன்று.

டீச்சர் மறுத்துப் பேசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"முதல் தடவையே தலை விழறதுக்கு என்ன நிகழ்தகவு சார்?"

"ரெண்டுல ஒண்ணு."

"உங்க மூணு வகையில அது ஒரு வகை. அப்ப அது மூணுல ஒண்ணுன்னு ஆயிடுதே?"

கணக்கு ஆசிரியருக்கு உடனே புரிந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் கூறுவெளி என்று கரும்பலகையில் எழுதும்போது, அதில் உள்ள ஒவ்வொன்றும் சமவாய்ப்பு உடையதா என்று பார்க்கச் சொல்லி மாணவர்களிடம் வற்புறுத்துகிறவர் அவர். ஆனாலும் புரிந்தது பாதிதான். மூன்று வகையும் சமமில்லை என்றால் எதை எண்ணுவது? இருவரும் தாளில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த ஐ.டி.ஐ. மாணவர் ஒருவர் குனிந்து சொன்னார்: "சார், முதல்லயே தலை விழுந்தாலும் அந்தப் பசங்க சும்மா இன்னொரு தடவை போடட்டுமே. அதனால பணம் மாறப்போறதில்லையே."

ஆட்டம் முடிந்த பிறகும் போடும் அந்த வெற்று நாணயம்தான் கணக்கை அவிழ்த்தது. இப்போது எப்படியும் இரண்டு முறை சுண்டுகிறார்கள்: தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ. நான்கும் சம வாய்ப்பு. மூன்றில் தலைக்காரன், ஒன்றில் பூக்காரன். 64இல் 48ம் 16ம். டீச்சர் இதற்குள் வேறு பக்கமாக வந்துவிட்டிருந்தார்: அடுத்து தலை விழுந்தால் அவனுக்கு 64, பூ விழுந்தால் இரண்டுக்கு இரண்டு, ஆளுக்கு 32. ஆக எது விழுந்தாலும் 32 அவன் கையில் நிச்சயம். மிச்சம் 32இல் சரிபாதி. 32ம் 16ம் 48. இந்த முறை இரண்டு வழிகளும் ஒரே இடத்துக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை இருவராலும் சொல்ல முடிந்தது.

1654 கோடையில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பாரீசில் இருந்த பிளேஸ் பாஸ்கலிடம் செவாலியே தெ மேரே என்ற கனவான் இப்படிப்பட்ட சூதாட்டக் கேள்விகளை எழுப்பினார். பாஸ்கல், துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் பதவி வகித்த பியேர் தெ ஃபெர்மாவுக்கு எழுதினார். ஃபெர்மாவும் நம் டெபுடி கலெக்டரைப் போல, அரசு வேலை பார்த்துக்கொண்டே கணக்கில் வாழ்ந்தவர். ஜூலை தொடங்கி அக்டோபர் வரை கடிதங்கள் போய்வந்தன. டீச்சர் போட்ட வழி பாஸ்கலுடையது: இறுதியிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு நிலையிலும் கையில் இருப்பதன் மதிப்பைக் கணிப்பது. ஐ.டி.ஐ. மாணவர் காட்டியது ஃபெர்மாவின் வழி. ஆளுக்கு 32 என்ற தொகையும் என்னுடையதன்று. பாஸ்கல் ஜூலை 29ஆம் தேதிக் கடிதத்தில் 32 பிஸ்டோல் நாணயங்கள் என்று வைத்த பந்தயம் அது. தமக்கும் ஃபெர்மாவுக்கும் ஒரே விடை வந்ததைக் கண்டதும், துலூஸிலும் பாரீசிலும் உண்மை ஒன்றாகவே இருக்கிறது என்று அவர் மகிழ்ந்து எழுதினார்.

அவர்களுக்கும் ஒரு எதிர்ப்பாளர் இருந்தார். ரோபெர்வால் என்ற பாரீஸ் கணித அறிஞர், முடிந்துபோன ஆட்டத்தில் இன்னும் நாணயம் சுண்டுவதாகக் கற்பனை செய்வது தகாது என்றார். நம் சார் இடறிய அதே இடம். அந்த ஆட்சேபத்தைப் பாஸ்கல் தள்ளிவிடவில்லை. ஃபெர்மாவுக்கு எழுதி, தாம் சொன்ன பதிலையும் விரிவாக எழுதினார். எதிர்த்துக் கேட்டவரால்தான் வழி தெளிவாயிற்று. பாஸ்கலும் ஃபெர்மாவும் கடைசிவரை நேரில் சந்திக்கவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

இனி, இருபதாம் நூற்றாண்டில் மிகப் பெரிய சண்டையைக் கிளப்பிய மூன்று கதவுக் கணக்கு. 1975இல் ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் வெளியிட்டது. 1990 செப்டம்பரில் 'பரேடு' இதழில் மரிலின் வாஸ் சவந்த் எழுதியதும் வெடித்தது. நம் ஊர்ப் பொருள்களில் சொல்கிறேன். மூன்று டம்ளர்கள் கவிழ்த்திருக்கின்றன. ஒன்றின் அடியில் புளியங்கொட்டை. நீங்கள் ஒரு டம்ளரைத் தொடுகிறீர்கள். கொட்டை இருக்கும் இடம் தெரிந்தவர், நீங்கள் தொடாத இரண்டில் காலியான ஒன்றைத் திறந்து காட்டிவிட்டு, "மாத்திக்கிறீங்களா?" என்கிறார். மாற்றினால் லாபமா? இரண்டு டம்ளர்தான் மிச்சம், பாதிக்குப் பாதி, எதைத் தொட்டால் என்ன என்றுதான் மனம் சொல்லும். மாற்றினால் மூன்றில் இரண்டு, மாற்றாவிட்டால் மூன்றில் ஒன்று என்று வாஸ் சவந்த் எழுதினார். சுமார் பத்தாயிரம் கடிதங்கள் வந்தன. முனைவர் பட்டம் பெற்றவர்களே ஆயிரம் பேருக்கு நெருக்கமாக எழுதினார்கள். பெரும்பாலும் அவர் சொன்னது தப்பு என்று. அவர் பள்ளி வகுப்புகளை அழைத்து, செய்து பாருங்கள் என்றார். பிள்ளைகள் செய்து பார்த்து எழுதினார்கள். அவர் சொன்னதே சரியாக இருந்தது.

இதில் எனக்கு நெருக்கமான கிளைக்கதை பால் எர்டிஷ் பற்றியது. சொந்த வீடு இல்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பிறரோடு சேர்ந்து கணக்குச் செய்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட ஹங்கேரியர். ஏறத்தாழ 1500 கட்டுரைகள், ஐந்நூறுக்கு மேற்பட்ட கூட்டாளிகள். சென்னையில் கல்லூரி மாணவராக இருந்த கிருஷ்ணசுவாமி அல்லாடியின் கடிதத்தைப் படித்துவிட்டு, தம் பயணப் பாதையை மாற்றி 1975 ஜனவரியில் சென்னையில் இறங்கி அவரைச் சந்தித்தவர். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை பிறகு வெளியாயிற்று. சென்னையில் சொற்பொழிவாற்றிக் கிடைத்த தொகையை, தாம் பார்த்தேயிராத ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளுக்குக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் 1995இல், இளமைக்கால நண்பர் வாசோனி இந்த மூன்று கதவுக் கணக்கைச் சொன்னபோது, மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை என்று அடித்துச் சொன்னார். வாசோனி கிளை கிளையாக வரைந்து காட்டினார், ஏற்கவில்லை. கணினியில் பலமுறை ஓட்டிக் காட்டினார். விடையை ஒப்புக்கொண்டும், காரணம் விளங்கவில்லை என்று மனம் ஆறாமல் இருந்தார். பிறகு இன்னொரு நண்பர் ரான் கிரஹாம் பேசித்தான் அமைதியடைந்தார். தம் காலத்தில் நிகழ்தகவை வைத்தே பல தேற்றங்களை நிறுவியவருக்கு, ஒரு விடுகதைக்கு இரண்டு நண்பர்கள் தேவைப்பட்டார்கள்.

கணினி இல்லாமல், டம்ளரும் கொட்டையுமாக இந்தக் கணக்கை ஒருவர் தனியாகச் சோதித்துப் பார்க்கக்கூட முடியாது என்பதைக் கவனியுங்கள். கொட்டையை ஒளிப்பவர் ஒருவர், அறியாமல் தொடுபவர் ஒருவர் வேண்டும். நான் பார்த்த வகுப்புகளில் ஒன்று தவறாமல் நடக்கிறது: ஒளிக்கிறவருக்குத்தான் முதலில் புரிகிறது. நண்பன் காலி டம்ளரைத் தொட்டுவிட்டால் ஒளித்தவனுக்கு வேறு வழியே கிடையாது. மிச்சம் இரண்டில் கொட்டை இல்லாத ஒன்றைத்தான் திறந்தாக வேண்டும், ஆகவே தொடாமல் நிற்பது கொட்டை உள்ள டம்ளர். மூன்றுக்கு இரண்டு தடவை தன் கை இப்படிக் கட்டப்படுவதை அவன் விரலே உணர்ந்துவிடுகிறது. ஆகவே, யார் ரொம்பப் பிடிவாதமாக 'பாதிக்குப் பாதி' என்கிறாரோ அவரையே ஒளிக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் இதை இந்த வாரமே செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நிகழ்தகவுப் பாடத்தைப் பிள்ளைகள் தனித்தனி பெஞ்சில் தனித்தனியாகப் போட்டுக் காட்டும் கணக்காக மட்டும் வைத்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அந்த ஆட்டத்திலேயே ஒரு திருகலும் உண்டு. ஒளித்தவருக்கே இடம் மறந்துபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு டம்ளரைத் திறந்து, அது காலியாக அமைந்துவிட்டது என்று வையுங்கள். கண் முன்னால் இருக்கும் காட்சி அதேதான். ஆனால் இப்போது விடை உண்மையிலேயே பாதிக்குப் பாதி. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்று. திறந்தவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் கணக்கு. இந்தக் கேள்வியைக் கேட்காமல் சண்டை போடுகிற இருவர் பலநேரம் இரண்டு வேறு கணக்குகளுக்குச் சரியான விடை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ராமசாமி ஐயரின் இதழில் இருந்தது போல, வாசகர்களுக்கும் இங்கே ஒரு கேள்வி. பாசஞ்சரில் இப்போது மூன்று பேர். ஆளுக்கு 27 ரூபாய், மொத்தம் 81. நாணயத்துக்குப் பதில் ஆறு முகப் பகடை. 1, 2 விழுந்தால் முதல்வருக்கு ஒரு வெற்றி, 3, 4 விழுந்தால் இரண்டாமவருக்கு, 5, 6 விழுந்தால் மூன்றாமவருக்கு. திண்டிவனம் வரும்போது முதல்வருக்கு இன்னும் ஒரே வெற்றி வேண்டும். மற்ற இருவருக்கும் இன்னும் இரண்டிரண்டு வேண்டும். யாருக்கு எவ்வளவு? ஃபெர்மாவின் வழியில் போகிறவர்கள் மூன்று முறை உருட்டுவதாக வைத்து 27 வகைகளை எழுதுங்கள். ஒரே வரிசையில் இரண்டு பேர் ஜெயித்தது போலத் தோன்றும் இடங்கள் வரும். பாஸ்கல் தடுமாறியது அங்கேதான். ஃபெர்மா பதில் எழுதித் திருத்தினார். தேவையான வெற்றியை யார் முன்னால் எட்டினார் என்று பாருங்கள். குறைந்தது இரண்டு பேராக உட்கார்ந்து போடுங்கள். விடையோடு, எந்த இடத்தில் உங்களுக்குள் கருத்து வேறுபட்டது, யார் சொன்ன எந்தச் சொல்லால் அது தீர்ந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்த வாதங்களை வைத்து அடுத்த வாரம் பேசுவோம்.